நன்னாரியும் மல்லிப்பூவும் கலந்த கோடை காக்டெய்ல்: மதுரைக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

நன்னாரி வேர் வாங்கப் போனால், எடை போடச் சொல்லும் முன்பே கட்டிலிருந்து ஒரு வேரை உருவி, தோலை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். வெனிலாவும் மழை பெய்த மண்ணும் சேர்ந்தாற்போல ஒரு வாசம் சட்டென்று ஏறினால் அந்தக் கட்டை வாங்கலாம். இரண்டு மூன்று முறை முகர்ந்த பிறகுதான் ஏதோ தெரிகிறது என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அந்த வேரை எவ்வளவு ஊறவைத்தாலும் மரத்தூள் தண்ணீர்தான் கிடைக்கும்.

கத்திரி வெயிலில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, மது சேராத ஒரு காக்டெய்லுக்கு வேண்டிய பொருட்களைப் பற்றிய மதிப்பீடு இது. நன்னாரி, வெட்டிவேர், மல்லி, செம்பருத்தி, எலுமிச்சை, சோடா, சப்ஜா. எல்லாமே மதுரையில் அரை நாள் அலைந்தால் கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொன்றிலும் தேறுவது ஒன்று, தேறாதது இரண்டு என்றுதான் கடைகளில் இருக்கிறது. பூவும் வேரும் சேரும் பானத்துக்கு மணம்தான் உயிர். நிறம், இனிப்பு, நுரை எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். மணம் இல்லாத சரக்கை வாங்கிவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது.

முதலில் பாட்டில் சர்பத். நேரம் இல்லாதவர்கள் இதைத்தான் வாங்குவார்கள், அதில் தவறில்லை. வாங்கும் முன் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் போட வேண்டும் என்பது விதி. சீனி, தண்ணீருக்கு அடுத்தபடியாக நன்னாரி வேர்ச் சாறு என்று இருந்தால் நல்லது. நன்னாரி என்ற சொல்லே சேர்மானத்தில் இல்லாமல் செயற்கை மணமூட்டி என்று மட்டும் இருந்தால் அது நன்னாரி வாசமுள்ள சீனிப்பாகு, அவ்வளவுதான். 150 என்று தொடங்கும் எண் கேரமல் நிறம், 211 சோடியம் பென்சோயேட், 330 சிட்ரிக் அமிலம். இவை அனுமதிக்கப்பட்டவைதான், பயப்பட வேண்டாம். ஆனால் பாட்டிலின் கருஞ்சிவப்பைப் பார்த்து "நல்லா திக்கா இருக்கே" என்று ஏமாறக் கூடாது. நன்னாரி வேர் தானாகத் தரும் நிறம் கடுந்தேநீரைவிட இளசான பழுப்பு. அதற்கு மேல் இருக்கும் கருமை சீனியைக் கருக்கியோ நிறம் சேர்த்தோ வந்தது.

சிட்ரிக் அமிலம் சேர்த்த பாட்டிலில் இன்னொரு சிக்கல் உண்டு. வழக்கம்போல அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடும். லேபிளில் 330 இருந்தால் எலுமிச்சையைப் பாதியாகக் குறையுங்கள். ஜிகர்தண்டாவுக்குப் பாட்டில் பாகு போதும், பாலும் ஐஸ்கிரீமும் குறையை மூடிவிடும். நாம் செய்யப்போகும் இந்தத் தெளிந்த பானத்தில் மூட ஒன்றும் இல்லை. அதனால் எங்கள் தீர்ப்பு வேர் பக்கம்தான்.

வேருக்குக் கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளே சரி. சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையில் அடைத்து வரும் வேரை முகர்ந்து பார்க்க முடியாது. அது ஒன்றே அதை ஒதுக்கப் போதுமான காரணம். கடையில் கேட்கும்போது "அண்ணே, கொடி நன்னாரி வேணும், மாகாளி வேணாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாகாளிக் கிழங்குக்கும் ஏறக்குறைய இதே வாசம்தான், நன்னாரிக்குப் பதிலாக அது விற்கப்படுவதும் உண்டு. ஊறுகாய்க்கு அது அருமையான பொருள். பானத்தில் போட்டால் வாசம் தூக்கலாகி, மல்லியை நசுக்கிவிடும். பார்த்ததும் அடையாளம் தெரியும். மாகாளி தடித்த, சதைப்பற்றான கிழங்கு. நன்னாரி பென்சில் கனத்திலோ அதைவிட மெலிந்தோ இருக்கும், கரும்பழுப்புத் தோல், தோலில் குறுக்கே வளையம் வளையமாக வெடிப்பு. வளைத்தால் தோல் விலகி, உள்ளே வெளிறிய கட்டை நரம்பு தெரியும்.

இந்த நரம்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நன்னாரியின் மணம் தோலில் இருக்கிறது, நடுக்கட்டையில் அநேகமாக ஒன்றும் இல்லை. வேரை அப்படியே துண்டு போட்டு ஊறவைத்தால் எடையில் பெரும்பகுதி வீண், கூடவே ஒரு துவர்ப்பும் இறங்கும். 100 கிராம் வேரை மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, இடிகல்லில் வைத்து லேசாகத் தட்டுங்கள். தோல் பிளந்து நரம்பு தனியே வந்துவிடும். நரம்பைத் தூர எறிந்துவிட்டுத் தோலை மட்டும் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் தூளாக்க வேண்டாம். தூள் வடிகட்டியில் நிற்காது, பாட்டிலின் அடியில் சேறு போல் தங்கும்.

அடுத்து சூடு. வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, வேரைக் கஷாயம் மாதிரி அரை மணி நேரம் கொதிக்கவிடுவது. நன்னாரி மணத்துக்குக் காரணமான பொருள் வெனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவு, நீராவியோடு எளிதாகக் கிளம்பிப் போய்விடும். அடுக்களை முழுக்க நன்னாரி மணக்கிறது என்றால் அவ்வளவும் பாட்டிலில் இருந்திருக்க வேண்டியது. அதனால் 400 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, இடித்த தோலின் மேல் ஊற்றி, எவர்சில்வர் பாத்திரத்தில் இறுக்கமாக மூடி 12 மணி நேரம் விடுங்கள். இரட்டை வெள்ளைத் துணியில் பிழிந்தால் 300 மில்லிக்குப் பக்கத்தில் சாறு வரும்.

பாகைத் தனியாகக் காய்ச்ச வேண்டும். 1 கிலோ சீனிக்கு 250 மில்லி தண்ணீர், 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சீனி முழுவதும் கரைந்து இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடலாம், கம்பிப் பதம் பார்க்கத் தேவையில்லை. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு 250 மில்லி நன்னாரிச் சாற்றை ஊற்றிக் கலக்குங்கள். ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பாகு கிடைக்கும், 35 டம்ளர் வரை தாங்கும். சீனி இரண்டு பங்கு, நீர் ஒரு பங்கு என்ற இந்தக் கணக்குதான் பாகைக் கெடாமல் காக்கிறது. இனிப்பு குறையட்டும் என்று சீனியைப் பாதியாக்கினால் ஒரு வாரத்திலேயே நுரை தட்டி, மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வரும். அப்படி வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இனிப்பைக் குறைக்க வேண்டிய இடம் டம்ளர், பாட்டில் அல்ல. சரியான பாகானாலும் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது, ஏனென்றால் சாற்றை நாம் கொதிக்கவிடவில்லை.

பாட்டிலின் அடியில் கற்கண்டு மாதிரி கட்டினால் பாகு அளவுக்கு மேல் வற்றிவிட்டது என்று பொருள். பாத்திர ஓரத்தில் ஒட்டியிருந்த கரையாத சீனி உள்ளே விழுந்தாலும் அப்படி ஆகும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதே இதைத் தடுக்கத்தான், அந்தப் புளிப்பு சீனியைக் கொஞ்சம் உடைத்து மணியாகச் சேரவிடாமல் செய்கிறது. கட்டிய பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி, 2 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் குலுக்கினால் கரைந்துவிடும். கடைச் சர்பத் போலக் கருமை வேண்டுமென்றால், முதலில் 2 மேசைக்கரண்டி சீனியை வெறும் சட்டியில் கருக்கி, அதே சட்டியில் தண்ணீர் விட்டுப் பாகைத் தொடங்குங்கள். தண்ணீர் விடும்போது சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய கசப்பு நன்னாரிக்கு நன்றாகவே சேரும்.

வெட்டிவேரில் ஏமாற்றம் வேறு விதம். பூசைக் கடைகளிலும் கைவினைக் கடைகளிலும் மாலையாகவும் தட்டியாகவும் கட்டி விற்பது அலங்காரத்துக்கும் ஜன்னலுக்கும்தான். சாயமோ அத்தரோ பூசியிருக்கலாம், குடிதண்ணீரில் போட வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கட்டாக, மண்ணோடு கிடைக்கும் வேரே மேல். 10 கிராம் போதும். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை அலசுங்கள், அத்தனை மண் இருக்கும். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி போட்டுக் காலையில் எடுத்துவிடலாம். ஒரு நாளைத் தாண்டினால் ஈரச் சாக்கு வாடை வந்துவிடும். எடுத்த வேரை நல்ல வெயிலில் சுக்காகக் காயவைத்தால் மூன்று தடவை வரை மணம் கொடுக்கும்.

இந்தத் தண்ணீரை நேராக டம்ளரில் ஊற்றாமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். சாதா ஐஸ் கரையக் கரைய பானம் நீர்த்துப்போகும். வெட்டிவேர் ஐஸ் கரையக் கரைய மணம் ஏறும். கடைசி மடக்குதான் முதல் மடக்கைவிட நன்றாக இருக்கும்.

இப்போது மல்லி. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் மொட்டின் வாசத்துக்கு ஈடு கிடையாது. இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், சந்தைப் பூவைப் பானத்தில் போடாதீர்கள். அது தலையில் வைக்கவும் சாமிக்குச் சார்த்தவும் வளர்த்த பூ. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்காமல் இந்தப் பயிரைக் காப்பது கடினம், விவசாயியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிடும் பொருளுக்கு மருந்து அடித்த பிறகு பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாட்களை யாரும் இதற்குப் பார்ப்பதில்லை, கழுவினாலும் முழுக்கப் போகாது. அது மட்டுமல்ல, பூக்கடையில் மல்லிக்குப் பக்கத்துக் கூடையிலேயே அரளி குவிந்திருக்கும். அரளி கொடிய விஷம், ஒரு இதழ்கூடக் கலக்கக் கூடாது.

ஆகவே மல்லிக்கு ஒரே வழி வீட்டுத் தொட்டி, அல்லது மருந்து அடிக்காத செடி வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வீடு. ஒரு செடி சித்திரையில் தாராளமாகப் பூக்கும், நமக்குத் தேவை 20 மொட்டுதான். மாலை 5 மணிக்கு மேல், பருத்து வெளுத்து அன்றிரவே விரியப்போகிற மொட்டாகப் பார்த்துப் பறியுங்கள். பச்சை ஓடிய இளமொட்டு விரியாது, மணமும் விடாது. காம்பின் பச்சைக் குவளையைக் கிள்ளிவிட்டு, ஒரு முறை அலசி, காய்ச்சி ஆறிய 500 மில்லி தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு மூடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மொட்டு சரியாக விரியாது, வெளியிலேயே இருக்கட்டும். ராத்திரி 9 மணி போல் மூடியைத் தூக்கினால் அத்தனை மொட்டும் தண்ணீர் மேல் விரிந்து, வாசம் முகத்தில் வந்து மோதும். விடிந்ததும் முதல் வேலையாகப் பூவை எடுத்துவிடுங்கள். இதழ் ஓரம் பழுப்பேறினால் வாடிய பூமாலை நெடி தண்ணீரில் இறங்கிவிடும். வெந்நீரில் மல்லியைப் போட்டுச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தால் கீரை வெந்த வாடைதான் வரும். இந்தத் தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

மல்லி கிடைக்காதவர்கள் பன்னீருக்குப் போவார்கள். பூசைக் கடையில் விற்கும் பன்னீர் தெளிக்க மட்டும். உணவுக்கானது என்று எழுதி, 14 இலக்க உணவு உரிம எண் போட்டிருக்கும் பாட்டிலாக இருந்தால் டம்ளருக்கு அரை தேக்கரண்டி சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாசம்.

செம்பருத்தியை இந்தப் பானத்தில் நிறத்துக்காகத்தான் சேர்க்கிறோம். கடைகளில் இது மூன்று உருவில் கிடைக்கிறது. பொடி வேண்டவே வேண்டாம், வடிகட்டினால் கொழகொழப்பு துணியை அடைத்துக்கொள்ளும். நிறமும் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். முழு இதழாகக் காயவைத்தது பரவாயில்லை, கையில் எடுத்தால் நொறுங்கும் அளவு காய்ந்திருந்தால் வாங்கலாம். மூன்றாவது, ஹைபிஸ்கஸ் டீ என்ற பெயரில் வரும் அடர்ந்த மெரூன் நிறத் துண்டுகள். இது நம் வேலியோரச் செம்பருத்தியே அல்ல. புளிச்சைக்கு இனமான வேறொரு செடியின் பூவைத் தாங்கும் குவளை, நல்ல புளிப்பு. அதைப் பயன்படுத்தினால் எலுமிச்சையை அநேகமாக விட்டுவிடலாம். வீட்டில் செடி இருந்தால் இவை எதுவும் தேவையில்லை. ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் சிவப்புப் பூ 5 பறித்து, பச்சைக் குவளையையும் நடு மகரந்தத் தண்டையும் கிள்ளி எறிந்து, இறக்கி வைத்த 200 மில்லி வெந்நீரில் 5 நிமிடம் போட்டு எடுங்கள். அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் வழவழப்பு இறங்கிவிடும்.

வடித்த நீர் மங்கலான ஊதாவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். நாலு சொட்டு எலுமிச்சை விட்ட நொடியில் மாணிக்கச் சிவப்பாகத் திரும்பும். போர் தண்ணீரில் செய்தால் மட்டும் சாம்பல் பூத்த நீலமாகவே நிற்கும். மதுரையில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருப்பதுதான் காரணம். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் செம்பருத்தியை விட்டுவிடுவதே வழக்கம்.

சப்ஜாவில் பெரிய வம்பு இல்லை. சியா விதையை மாற்றிக் கொடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். சப்ஜா முழுக்கக் கருப்பு, சியாவில் சாம்பல் புள்ளி இருக்கும். 1 தேக்கரண்டி விதைக்கு அரை டம்ளர் தண்ணீர், 15 நிமிடம் போதும். சோடா சாதாவாகவே இருக்கட்டும். பன்னீர் சோடாவில் இனிப்பும் ரோஜா எசன்ஸும் ஏற்கெனவே இருப்பதால் மல்லி அடிபட்டுப்போகும். அதுதான் வேண்டும் என்பவர்கள் பாகை 20 மில்லியாகக் குறைத்து, மல்லித் தண்ணீரை விட்டுவிடலாம்.

300 மில்லி டம்ளருக்குக் கணக்கு இது. நன்னாரிப் பாகு 30 மில்லி, அதாவது 2 மேசைக்கரண்டி. அரை எலுமிச்சையின் சாறு. ஒரு சிட்டிகை உப்பு. மல்லித் தண்ணீர் 60 மில்லி. இந்த நான்கையும் முதலில் கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட வேண்டும், ஏனென்றால் சோடா ஊற்றிய பிறகு கலக்க முடியாது. கலக்கினால் காற்று போய் வெறும் இனிப்புத் தண்ணீர் ஆகிவிடும். பிறகு ஊறிய சப்ஜா 1 மேசைக்கரண்டி, வெட்டிவேர் ஐஸ் 4 கட்டி. ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த சோடா 80 மில்லியை டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். வெதுவெதுப்பான சோடா ஐஸில் பட்டதும் பொங்கி வழியும், காற்றும் அதோடு போய்விடும். கடைசியாக ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் செம்பருத்தி நீர் 2 மேசைக்கரண்டியை மெதுவாக விட்டால், கனம் குறைந்த அது பாகு கலந்த நீருக்கு மேலே நிற்கும். கீழே தேன் நிறம், மேலே சிவப்பு. ஒரு திருநீற்றுப் பச்சிலைக் கொழுந்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே செருகுங்கள். கசக்கினால் கறுத்துவிடும். புதினா நன்னாரியோடு சண்டை போடுகிறது, எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

30 மில்லி பாகில் சுமார் 27 கிராம் சீனி இருக்கிறது, தேக்கரண்டிக் கணக்கில் ஐந்துக்கு மேல். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் பாகே வேண்டாம். பாகில் ஊற்றியது போக மிஞ்சிய 50 மில்லி நன்னாரிச் சாற்றை எடுத்து வைத்து, மல்லித் தண்ணீர், எலுமிச்சை, உப்பு, சோடாவோடு கொடுங்கள். இனிப்பில்லாமலும் நன்னாரி நிற்கும், வேர் மட்டும் நல்லதாக இருந்தால்.

எலுமிச்சையை முன்கூட்டியே பிழிந்து வைக்க வேண்டாம், நேரம் ஆக ஆகச் சுவை மாறிவிடும். கூட்டமாக ஆள் வரும் நாளில் பாகு, உப்பு, மல்லித் தண்ணீர் மூன்றையும் ஒரு கூஜாவில் கலந்து குளிரவைத்து, எலுமிச்சையும் சோடாவும் ஆள் வந்த பிறகு சேர்த்தால் போதும். பிழிந்தெடுத்த நன்னாரித் தோலை எறிய வேண்டாம். ஒரு துணியில் முடிந்து மண்பானைக் குடிதண்ணீரில் அன்றைக்கு ஒரு பொழுது போட்டுவைக்கலாம், இரண்டாவது முறையும் லேசாக மணக்கும்.